ஆண்டுக்கொரு மேலாண்மை முறை: எதை நம்புவது?

கேள்வி:
எங்கள் நிறுவனத்தில் பிழைகளைக் குறைக்கும் சிக்ஸ் சிக்மா முறை போய், வேலையைச் சிறு கட்டங்களாகச் செய்யும் அஜைல் முறை வந்தது. இப்போது இலக்குகளையும் அவற்றை அளக்கும் முடிவுகளையும் வகுக்கும் ஓகேஆர் (OKR) என்கிறார்கள். வேலை நடக்கும் விதம் மாறவில்லை, கூட்டங்களும் படிவங்களும்தான் பெருகுகின்றன. இந்த முறைகளால் உண்மையில் பயன் உண்டா?

மறுமொழி 1:
பயன் உண்டு, ஆனால் அவை பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சிக்ஸ் சிக்மா 1986இல் மோட்டோரோலாவில் உற்பத்திக் குறைகளைக் கட்டுப்படுத்த உருவானது. பத்து லட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 பிழைகள் என்னும் அதன் இலக்கு, ஒரே செயல் ஓயாமல் திரும்ப நடக்கும் தொழிற்கூடத்தில் பொருளுடையது. நாளுக்கொரு புதிய சிக்கலைத் தீர்க்கும் குழுவுக்கு அந்த அளவுகோல் பொருந்துவது கடினம். அஜைல் கொள்கை அறிக்கையை 2001இல் வெளியிட்ட 17 மென்பொருள் வல்லுநர்களும், விரிவான ஆவணங்களைவிட இயங்கும் மென்பொருளுக்கே முதன்மை தந்தார்கள். அதன் பெயராலேயே படிவங்கள் பெருகுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மறுமொழி 2:
சில முறைகள் தீங்கும் செய்கின்றன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் அங்கே பரப்பிய தரவரிசை முறை, ஊழியர்களில் கடைசி 10 விழுக்காட்டினரை ஆண்டுதோறும் வெளியேற்றச் சொன்னது. அருகில் இருப்பவருக்கு உதவினால் தன் இடம் இறங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்களிடம் கூட்டு முயற்சியை எதிர்பார்ப்பது நியாயமன்று. மைக்ரோசாஃப்ட் தன் தரவரிசை முறையை 2013இல் கைவிட்டது.

மறுமொழி 3:
அடுத்த அறிமுகக் கூட்டத்தில், இந்த முறை எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, இதற்காகப் பழைய அறிக்கைகளில் எவை நிறுத்தப்படும் என்று பணிவாகக் கேளுங்கள்.