ஏசி அறையின் இடுக்குகளை அடைத்த பிறகு காலையில் தலைபாரம்: ஏர் பியூரிஃபையர் உதவுமா?

மொட்டைமாடி (கேள்வி):
எங்கள் படுக்கையறை மாடித் தளத்துக்கு நேர் கீழே, மேற்குச் சுவரை ஒட்டி இருப்பதால், இரவு பத்து மணிக்குக் கூரையை அண்ணாந்து பார்த்தாலே முகத்தில் அனல் படுகிறது. ஏசியை 20 டிகிரியில் வைத்தும் போதாமல், கதவு, சன்னல் இடுக்குகளையெல்லாம் ரப்பர் பட்டையால் அடைத்தேன். குளிர் இப்போது தங்குகிறது. ஆனால் காலையில் தலை பாரமாக இருக்கிறது. பீரோவுக்குப் பின்னாலுள்ள உட்சுவரில் கரும்புள்ளிகளும் தோன்றியுள்ளன. ஏர் பியூரிஃபையர் வாங்கினால் இவை இரண்டும் தீருமா?

சாளரம்:
தீராது. ஏர் பியூரிஃபையரில் உள்ள ஹெப்பா என்னும் நுண்வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் பிடிக்குமே தவிர, நாம் வெளிவிடும் கரியமில வாயு அதன் வழியே அப்படியே போய்விடும். ஸ்பிளிட் ஏசியும் அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. புதுக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. வெளிக்காற்றில் அந்த வாயு சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 420 பங்கு) இருக்கும்; அடைத்த சிறிய அறையில் இருவர் உறங்கினால் விடிவதற்குள் அது 2000-ஐத் தாண்டுவது சாதாரணம். அளவு 1000-க்கு மேல் நீடித்தால் காற்றோட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். சன்னலை இரண்டு விரற்கடை திறந்து வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அறையை ஒட்டி கேஸ் கீசரோ ஜெனரேட்டரோ இருந்தால், தலைபாரத்துக்குக் கார்பன் மோனாக்சைடு காரணமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள், அதற்கு மணமே கிடையாது.

சுண்ணாம்பு:
சாளரம் சொல்வது சரியே என்றாலும், புழுக்கமான இரவில் திறந்த சன்னல் வழியே ஈரமும் வரும் என்பதை மறக்க வேண்டாம். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால், காற்று அசையாத பீரோவின் பின்புறம் பூஞ்சணத்துக்குத் தோதான இடமாகிவிடும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். உங்கள் சிக்கலின் வேர் கூரையில் இருக்கிறது என்பதே என் கருத்து. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அதை அறைக்குள் உமிழ்கிறது. தளத்தின் மேல் வெண்ணிறப் பிரதிபலிப்புப் பூச்சு அடித்தால் அந்தச் சூடு உள்ளே ஏறுவதே குறையும். மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறத்தில் தட்டி கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரை, வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகே அதைத் தடுக்கிறது. 20 டிகிரியில் வைப்பதால் அறை விரைவாகக் குளிராது. 26-இல் வைத்து மின்விசிறியையும் ஓட விட்டால் பெரும்பாலும் போதும்.

மொட்டைமாடி:
கீசரும் ஜெனரேட்டரும் எங்களிடம் இல்லை. கரியமில வாயுவையும் ஈரப்பதத்தையும் காட்டும் அளவி ஒன்றை வாங்கி வைத்ததில், விடியற்காலை ஐந்து மணிக்குக் கரியமில வாயு 2150 காட்டியது. மறுநாள் சன்னலைச் சிறிது திறந்து, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விட்டபோது 1080-க்கு இறங்கியது, தலைபாரமும் இல்லை. ஆனால் ஈரப்பதம் 57-இலிருந்து 64-க்கு ஏறிவிட்டது. ரப்பர் பட்டைகளைப் பிரித்துவிடலாமா?

சுண்ணாம்பு:
பிரிக்க வேண்டாம், கண்ட இடுக்குகளில் கசிவதைவிட, நீங்கள் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒரே வழியில் காற்று வருவது நல்லது. எக்ஸாஸ்ட் ஃபேனை இரவு முழுதும் ஓட்டாமல் மணிக்குக் கால்மணி நேரம் மட்டும் ஓட்டி, ஏசியை ஈரத்தை இழுக்கும் டிரை முறையில் வைத்து, இரண்டு அளவுகளையும் ஒரு வாரம் குறித்து வாருங்கள். பூச்சு வேலையை மழை ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்த பிறகே தொடங்குங்கள். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு செதில் செதிலாக உரிந்துவிடும்.