டிக்கெட் கையில, பஸ் வரல, ஃபைன் யாரு கட்டறது?

ஜன்னலோரம்:
போன வாரம் நடந்தது. தங்கச்சி வீட்லேர்ந்தே மொபைல்ல சென்னை லோக்கல் ட்ரெயின் டிக்கெட் போட்டுட்டு கிளம்பினா, 10 ரூபா. ஸ்டேஷனுக்கு பஸ்ல 20 நிமிஷம் தான், ஆனா பஸ் வரவே முக்கா மணி நேரம் ஆச்சு, வந்த பஸ்ஸும் ரோட்ட தோண்டி வச்சிருந்த எடத்துல நின்னு நின்னு போயி, அவ ட்ரெயின் ஏறும்போது ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. டிடிஆர் பாத்துட்டு இது செல்லாதும்மா, லோக்கல்ல மொபைல் டிக்கெட்னா போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள கிளம்பிடணும்னு சொல்லி ஃபைன் 250, டிக்கெட் 10, மொத்தம் 260 வாங்கிட்டாரு. காசு குடுத்து வாங்கின டிக்கெட்டுங்க, வித்தவுட் கூட இல்ல!

பிளாட்பாரம்_எட்டு:
கஷ்டமா தான் இருக்கு, ஆனா ரூல் சரி. மெட்ரோல கேட் இருக்கு, உள்ள போனா கணக்கு ஆரம்பிச்சிடும். லோக்கல் ஸ்டேஷன் எல்லாம் நாலு பக்கமும் திறந்து கெடக்கு. டைம் லிமிட் இல்லன்னா காலைல ஒரு டிக்கெட் போட்டு நாள் பூரா தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் போயிட்டு வரலாம், யாரு கேப்பா? அந்த ஒரு மணி நேரம் தான் இங்க கேட். ஸ்டேஷனுக்குள்ள நின்னு ஆப்ல டிக்கெட் போட விடாததும் இதுக்கு தான், டிடிஆர் தலைய பாத்தப்புறம் போன எடுக்கற கூட்டம் ஒண்ணு இருக்கே. பஸ்ஸ விட்டு இறங்கி ஸ்டேஷனுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி போட்டிருந்தா முடிஞ்சது. தினமும் போறவங்கன்னா சீசன் எடுங்க, இந்த ஒரு மணி நேர தொல்லையே கிடையாது.

வெள்ளபோர்டு_அக்கா:
தம்பி நீங்க பஸ்ல வந்து ட்ரெயின் புடிச்சதே இல்ல போல. பஸ்ஸ விட்டு இறங்கும்போது வண்டி ஹாரன் கேக்கும், ஒரு கையில பை ஒரு கையில புள்ள, அப்ப நின்னு நெட்டு வருதான்னு பாக்கணுமா? எங்கேர்ந்து வேணா போட்டுக்கலாம்னு 2024ல தூரக் கட்டுப்பாட்ட எடுத்தது அவங்க தான். திருக்கழுக்குன்றத்துலேர்ந்து செங்கல்பட்டு வர்றவளுக்கு வீட்ல டிக்கெட் போடலாம்னும் சொல்லுவீங்க, ஒரு மணி நேரத்துல ஏறுன்னும் சொல்லுவீங்க. அந்த பஸ் எப்ப வரும்னு அவளா எழுதறா?

சூரிச்_தம்பி:
இஞ்ச சூரிச்சிலயும் ஸ்ரேசனில கேற் ஒண்டும் இல்லை அண்ணை. ஆனா பஸ், ட்ராம், ரெயின், ஏரியில ஓடுற கப்பல் எல்லாத்துக்கும் 1990ல இருந்து ஒரே ரிக்கெற். நேரக் கட்டுப்பாடு இஞ்சயும் இருக்கு, ரிக்கெற் இல்லாமல் பிடிபட்டா 100 பிராங் தண்டமும் இருக்கு. ஆனா பஸ்ஸில ஏறேக்க எடுத்த ரிக்கெற்றே ரெயினுக்கும் போதும், அதுதான் வித்தியாசம். அதைவிட முக்கியம் அட்டவணை. 1982ல இருந்து நாடு முழுக்க ஒரு ஒழுங்குக்கு ரெயின் விடுறாங்கள், பெரிய ஸ்ரேசனுக்கு எல்லாப் பக்க ரெயினும் கிட்டத்தட்ட ஒரே நேரம் வரும், இறங்கினா வெளியில மஞ்சள் போஸ்ற் பஸ் நிக்கும்.

பிளாட்பாரம்_எட்டு:
சுவிஸ் கதை எல்லாம் நல்லா தான் இருக்கு. இங்க ட்ரெயின் டெல்லி கையில, பஸ் ஸ்டேட் கையில, மெட்ரோ பாதி பாதி. லோக்கல்ல மினிமம் 5 ரூபா, அத யாரோட பங்கு போடுவீங்க? சாதா பஸ்ல பொம்பளைங்களுக்கு 2021லேர்ந்து டிக்கெட்டுக்கு காசே கிடையாது, அப்ப ஒரே டிக்கெட்ல பஸ் பங்கு யாரு தலைல? சிங்கார சென்னை அட்டை மெட்ரோலயும் செல்லுது எம்டிசி பஸ்லயும் செல்லுது, லோக்கல் ஸ்டேஷன்ல அத எந்த சுவத்துல தட்டுவீங்க?

வெள்ளபோர்டு_அக்கா:
டெல்லி, ஸ்டேட்டுன்னு சொல்லிட்டா ஆச்சா? இதையெல்லாம் ஒண்ணா உக்கார வைக்க தானே கும்டான்னு ஒரு போக்குவரத்து ஆணையத்துக்கு 2010லயே சட்டம் போட்டாங்க, பஸ், மெட்ரோ, லோக்கல் மூணுக்கும் சேத்து டிக்கெட் போடற சென்னை ஒன் ஆப் கண்ணுல பட்டது 2025 செப்டம்பர்ல! நடுவுல கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அவ்ளோ பெரிய பஸ் ஸ்டாண்ட திறக்கறாங்க, எதிர்ல ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தாண்ட தண்டவாளம் ஓடுது, அன்னிக்கு அங்க நிக்க ஒரு ஸ்டேஷன் இல்ல. பெட்டி படுக்கையோட வண்டலூர்ல இறங்கி ஆட்டோகாரன்கிட்ட பேரம் பேசினோம். இதுல எந்த டிக்கெட்ட பங்கு போட முடியாம நின்னு போச்சு? வேளச்சேரி மட்டும் என்ன, பறக்கும் ரயில் ஒரு பக்கம், விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் ஒரு பக்கம்.

பிளாட்பாரம்_எட்டு:
கிளாம்பாக்கம் நானும் ஒத்துக்கறேன், அதுக்கு சப்பைக்கட்டு கட்ட முடியாது. ஆனா அது பிளானிங் தப்பு, டிக்கெட் ரூல் தப்பு இல்ல. ரெண்டையும் போட்டு குழப்பாதீங்க.

சூரிச்_தம்பி:
ரெண்டும் ஒண்டுதான் அண்ணை. பஸ் நேரத்துக்கு வந்திருந்தா அந்தத் தங்கச்சிக்கு ஒரு மணித்தியாலம் தாராளம். பஸ்ஸை நம்பேலாத ஊரில ரெயின்காரன் மட்டும் மணிக்கூட்டைப் பாத்தா எப்பிடி?

ஜன்னலோரம்:
அப்டேட்: தங்கச்சி சீசன் எடுத்துட்டா, பிளாட்பாரம் சொன்ன மாதிரியே. நேத்து ராத்திரி வண்டி 9.34க்கு வந்திருக்கு. படி மேல ஏறி நின்னு பாத்தா, 9.30 பஸ் திரும்பி போற லைட்டு தெரியுதாம். அதான் எங்க ஏரியாவுக்கு கடைசி பஸ். ஆட்டோ 150. இதுக்கு என்ன ரூல் சார்?

பிளாட்பாரம்_எட்டு:
டிப்போ மேனேஜர்கிட்ட அந்த ட்ரெயின் டைம்டேபிள ஒரு ஜெராக்ஸ் எடுத்து குடுங்க. கிண்டல் இல்ல, நிஜமா தான் சொல்றேன். பஸ்ஸ 10 நிமிஷம் தள்ளி எடுக்கறதுக்கு டெல்லிய கேக்க வேணாம்.