ஐயா எடுத்த நெகட்டிவ்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், பித்தளைச் சாமான்களுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி கிடைத்தது, உள்ளே ஐயா (என் தாத்தா) எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள், எல்லாம் 120 ஃபிலிம், 6க்கு 6 சென்டிமீட்டர் சதுரம், 200க்கு மேல் இருக்கும். அவற்றைக் கேமராவில் படம் பிடிக்க நானே ஒரு விளக்குப் பெட்டி செய்தேன்: பழைய முறுக்கு டின், அடியில் எல்இடி, மேலே பால் வெள்ளை அக்ரிலிக். வெளிச்சம் அருமையாக வருகிறது.

ஆனால் ஃபிலிம் சுருண்டு கிடக்கிறது. கண்ணாடி வைத்து அழுத்தினால், தொடும் இடத்தில் தண்ணீரில் எண்ணெய் பட்டது போல நியூட்டன் வளையங்கள் விழுகின்றன. கண்ணாடியை எடுத்தால் ஓரம் மங்குகிறது, லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப் 11 வைத்தும் பார்த்துவிட்டேன்.

நேற்று ஒன்றைப் பாசிட்டிவாக மாற்றி அப்பத்தாவிடம் காட்டினேன். வளவு முற்றத்தில் வற்றல் காய்கிறது, பக்கத்தில் கண்டாங்கிச் சேலையில் ஒருவர், வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்தபடி. "இது எங்க மாமியாருடா" என்றார்கள், அப்புறம் பேசவே இல்லை. அவர்களுடைய வேறு படம் எங்களிடம் கிடையாது. அந்த முகத்தின் மேலேயே ஒரு வளையம்.

படச்சட்டத்துக்குப் போடும் சொரசொரப்பான கண்ணாடி இதற்கு ஆகுமா? மதுரை, திருச்சியில் சரியான கண்ணாடி எங்கே கிடைக்கும்? அட்டையில் சட்டம் வெட்டி யாராவது செய்திருக்கிறீர்களா? சில சுருள்களில் வினிகர் வாடை அடிக்கிறது, ஃபிலிம் கெட ஆரம்பித்ததன் அடையாளம் அது, அவற்றைத் தனியே பிரித்துவிட்டேன், முதலில் அவற்றைத்தான் எடுக்க வேண்டும். தை மாதம் அப்பாவுக்கு மணிவிழா, அதற்குள் முடிக்கப் பார்க்கிறேன்.