டார்க் சன்னை 5ஆம் பதிப்பில் ஓட்ட: பழைய ஆட்டக்காரர்களுக்கு எதை மாற்ற, எதை விட?

சாட்ஸ்வொர்த்_டிஎம்:
வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதையாட்டத்துக்கு 1991 பெட்டியில் வந்த பாலைவனக் களமான டார்க் சன்னை, அதே ஆட்டத்தின் 5ஆம் பதிப்பு விதியில் (2014 புத்தகம்) டர்பனில் ஓட்டப் போகிறேன். ஆடப்போகும் ஐந்து பேரும் 2ஆம் பதிப்புக் காலத்து ஆட்கள். டார்க் சன்னின் உலகமான அதாஸ் அவர்களுக்கு மனப்பாடம். ஏசி (ஒருவரை அடிப்பது எவ்வளவு கடினம் என்ற எண்), தாகோ (ஏசி 0 உள்ளவரை அடிக்க 20 பக்கப் பகடையான டி20இல் விழ வேண்டிய எண்) இரண்டையும் எப்படி மாற்றுவது? தண்ணீர்ப் பஞ்சமும் எலும்பு ஆயுதமும் புது விதியில் நீர்த்துப் போகாமல் இருக்க என்ன செய்யலாம்?

எலும்புவாள்:
கணக்கு சுலபம் அண்ணா. 20இலிருந்து பழைய ஏசியைக் கழியுங்கள்: 4 என்றால் 16. தாகோவும் அப்படியே: 13 என்றால் +7. ஆனால் மிருகங்களை இப்படி மாற்றாதீர்கள். பழைய -4, 24 ஆகிவிடும். கீழ்நிலை ஆட்டக்காரர் தொடுவதே அபூர்வம். உயிர்ப்புள்ளியோ பழைய அளவில் குறைச்சல். நாலு சுற்று காற்றை வெட்டி, ஐந்தாவதில் பொசுக்கென்று முடியும். புதுப் புத்தகத்தில் அதே பலமுள்ள மிருகத்தை எடுத்துத் தோலையும் பெயரையும் மாற்றினால் போதும்.

தாக்கும் உருட்டலில் எலும்பு ஆயுதத்துக்கு -1, கல்லுக்கு -2, மரத்துக்கு -3 என்று பழைய விதியில் இருந்ததை விட்டுவிடுங்கள். எல்லார் கையிலும் அதே ஆயுதம் என்றால் சண்டை இழுபடும், வேறொன்றும் நடக்காது. 2010இல் 4ஆம் பதிப்புக்கு வந்த விதி அருமை: டி20இல் 1 விழுந்தால் தவறியதாக விடலாம், இல்லையென்றால் திரும்ப உருட்டலாம், ஆனால் உலோகமில்லாத ஆயுதம் உடைந்தே தீரும்.

பகடை_பீனிக்ஸ்:
தண்ணீரில்தான் டார்க் சன்னே இருக்கிறது. வெயிலில் ஆளுக்கு நாளைக்கு 2 காலன், சுமார் 7.5 லிட்டர். ஒரு தோல்பை அரைக் காலன், நிறைந்தால் 5 பவுண்டு. ஐந்து நாள் நடைக்கு 20 பை, 100 பவுண்டு. ஸ்ட்ரெங்த் (பலம்) 10 உள்ளவர் தூக்குவதே 150 பவுண்டு. அதனால் கான்க் (சுமை தூக்கும் பெரிய பூச்சி) வாங்கியாக வேண்டும், அதற்கும் தீனி வேண்டும்.

மேசையில் ஆளுக்கு நாலு புளியங்கொட்டை வையுங்கள், ஒரு கொட்டை ஒரு பை. குடிக்கும்போது கிண்ணத்தில் போடட்டும். 'டிக்' என்று விழும் சத்தத்துக்கே பேச்சு அடங்கும். பாதிதான் குடித்தால் டிசி 15 கான்ஸ்டிடியூஷன் சேவ் (டி20 உருட்டி, உடல் வலுவின் கூட்டலோடு 15ஐ எட்ட வேண்டும்), தோற்றால் ஒரு நிலை களைப்பு. பாதிக்கும் குறைந்தால் சேவே கிடையாது. ஏற்கெனவே களைத்தவருக்கு இரண்டு நிலை, ஆறாம் நிலையில் சாவு.

இதைக் கெடுப்பது முதல் நிலை நீர் மந்திரம்: ஒரு தடவைக்கு 10 காலன்! அதை 1 காலனாகக் குறையுங்கள். வெளியில் உணவும் தண்ணீரும் தேடித் தரும் அவுட்லேண்டர் பின்புலத்தைத் தடுக்க வேண்டாம். நிலத்தில் தண்ணீர் இருந்தால்தான் கிடைக்கும் என்று விதியிலேயே இருக்கிறது.

சாட்ஸ்வொர்த்_டிஎம்:
நன்றி தம்பிகளா. திறன் எண்களுக்குப் பழைய 5டி4 உருட்டலை (நாலு பக்கப் பகடை ஐந்து) வைக்கலாமா? கதை நடக்கும் காலம் 1991 பெட்டியில் உள்ளதா, 1995 பெட்டியில் உள்ளதா?

எலும்புவாள்:
5டி4 வேண்டாம், முதல் நாளே 20கூட விழலாம். 5ஆம் பதிப்பில் அதுதான் உச்சம். பழைய பலம் தெரிய 3ஆம் நிலையில் தொடங்குங்கள், பெட்டியிலும் அப்படித்தான்.

காலம் 1991 பெட்டியில் உள்ளதே. அதில் அதாஸின் டைர் நகரை மந்திரவாதி மன்னன் காலக் இன்னும் ஆள்கிறான். 1995 பெட்டியில் அவனும் டிராகனும் செத்தாயிற்று. அழைப்பிலேயே இதை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் இந்த ஐந்து பேரும் முதல் ஒரு மணி நேரத்தை வாதத்திலேயே கழித்துவிடுவார்கள்.