சைக்கிளில் ஓரமாகப் போவதா, கொஞ்சம் உள்ளே தள்ளியா?

தினமும் வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன். ஓரத்தை ஒட்டிப் போனால் கார்கள் கையை உரசுகிற மாதிரி முந்துகின்றன. போன வாரம் நின்றிருந்த காரின் கதவு சட்டென்று திறந்தது, மயிரிழையில் தப்பித்தேன். சரி என்று ஒரு மீட்டர் உள்ளே தள்ளிப் போனால், பின்னாலிருந்து விடாமல் ஹாரன்! ஜெர்மனியில் சைக்கிளை முந்த ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றே விதி இருக்கிறது.

கார் ஓட்டுபவர்களே, மனதில் பட்டதைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் எங்கே போனால் உங்களுக்கு நன்றாகத் தெரியும்? பகலில் மினுக்கும் பின்விளக்கு உதவுமா, எரிச்சலா? அப்புறம், லாரி திரும்பும்போது அதன் பக்கவாட்டில் மாட்டாமல் இருக்க சைக்கிள்காரர்கள் என்ன செய்கிறீர்கள்? நான் பின்னாலேயே நின்றுவிடுகிறேன்.