அந்தக் காலத்து இங்கிலாந்து சுத்தமா, நாத்தமா? போய்ப் பாத்தவங்க எழுதுனதுல யாரை நம்புறது

கேள்வி:
கொஞ்ச நாளா 16ம் நூற்றாண்டுல இங்கிலாந்துக்குப் போன வெளிநாட்டுக்காரங்க எழுதுனதைத் தேடித் தேடிப் படிச்சுட்டு இருக்கேன், ஒரு இடத்துல குழம்பிடுச்சு. எராஸ்மஸ்னு ஒரு டச்சு அறிஞர் சொல்றாரு, தரையெல்லாம் களிமண்ணு, அதுமேல கோரையைப் பரப்பியிருக்காங்க, மேலாக்க மட்டும் மாத்துறாங்க, அடியில உள்ளது சில சமயம் 20 வருஷம் கூட அப்படியே கிடக்குது, எச்சில், வாந்தி, நாய் மூத்திரம், சிந்துன பீர், மீன் துண்டு எல்லாம் அதுலயே ஊறிக்கிடக்குதுன்னு. ஆனா 1560ல போன லெம்னியஸ்னு ஒரு டச்சு டாக்டர், வீடு அவ்வளவு சுத்தம், ரூமெல்லாம் வாசனைத் தழை தூவி, படுக்கிற இடத்துல பூச்செண்டு வச்சிருக்காங்க, மனசே குளுந்துடுச்சுங்கிறாரு. ரெண்டு பேரும் பாத்தது ஒரே நாடு தானே?

பதில் 1:
ரெண்டுமே உண்மையா இருக்கலாம் நண்பா. எராஸ்மஸ் அதை யாருக்கு எழுதுனாருன்னு பாருங்க, எட்டாம் ஹென்றி ராஜாவோட மந்திரியா இருந்த சர்ச் தலைவர் கார்டினல் வுல்சியோட டாக்டருக்கு. இங்கிலாந்துல கொள்ளை நோயும் வேர்வைக் காய்ச்சலும் ஏன் விடாம வருதுன்னு காரணம் தேடுற லெட்டர் அது, அதனால அவர் கண்ணு தரையிலயும் காத்து வராத ஜன்னல்லயும் தான் நிக்குது. அதே மனுஷன் 1499ல ஒரு சிநேகிதனுக்கு எழுதுனப்போ அழுக்கைப் பத்திப் பேச்சே எடுக்கல, எந்த வீட்டுக்குப் போனாலும் முத்தம் கொடுத்து வரவேற்கிறாங்க, கிளம்புறப்பவும் முத்தம், திரும்பி வந்தாலும் முத்தம்னு பூரிச்சுப் போறாரு.

பதில் 2:
நான் எப்பவும் கண்ணால பாத்ததை அப்படியே எழுதுனவங்களைத் தான் முதல்ல எடுப்பேன். ஹென்ட்ஸ்னர்னு ஒரு ஜெர்மன் வக்கீல் 1598ல கிரீன்விச் அரண்மனையில எலிசபெத் ராணி நடந்து போறதைப் பாத்திருக்காரு, முகத்துல சுருக்கம், கண்ணு சின்னதா கறுப்பா, வச்சிருந்தது சிவப்பு நிறச் சவுரி முடி, பல்லு கறுத்துப் போயிருந்துச்சு, சர்க்கரை அதிகமா தின்னா இப்படி ஆகும்னு அவரே காரணமும் எழுதுறாரு. யாரோ ஒரு பிரபு மண்டி போட்டதும் ராணி கையுறையைக் கழட்டி மோதிரம் மின்னுற வலது கையை முத்தமிட நீட்டுறாங்க, அதைப் படிச்சப்போ நானே பக்கத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. அடுத்த வருஷம் செப்டம்பர் 21, மதியம் 2 மணி வாக்குல, சுவிட்சர்லாந்துல உள்ள பாசல் ஊர்லருந்து வந்த பிளாட்டர்னு ஒரு பயணி லண்டன்ல தேம்ஸ் ஆத்தைத் தாண்டிப் போய் கூரை வேஞ்ச கொட்டகையில ஜூலியஸ் சீசர் நாடகம் பாக்குறாரு. நின்னு பாக்க 1 பென்னி, உக்கார இன்னொரு பென்னி, மெத்தை போட்ட இடம்னா மூணாவது பென்னின்னு டிக்கெட் கணக்கு வரைக்கும் எழுதி வச்சிருக்காரு, நாடக வரலாறு படிக்கிறவங்களுக்கு அது தங்கம்.

பதில் 3:
பாத்தது சரியா இருந்தாலும் காரணம் சொல்றப்போ சறுக்கிடுவாங்க, அதையும் கவனிங்க. 1500 வாக்குல ஒரு வெனிஸ்காரர், இங்க 7 இல்ல 9 வயசுலயே பிள்ளைங்களை அடுத்தவங்க வீட்டு வேலைக்கு அனுப்பிடுறாங்க, பணக்காரங்களும் இதையே பண்றாங்க, இவங்களுக்குப் பெத்த பாசமே இல்லன்னு எழுதிட்டாரு. அனுப்புனது நிஜம். ஆனா பாசமில்லங்கிறது அவரா முடிவு பண்ணது, நல்ல பழக்கவழக்கம் கத்துக்கத்தான்னு அந்த ஊர்க்காரங்க சொன்னதையும் அவரே எழுதியிருக்காரு, நம்பத்தான் இல்ல.

கேள்வி கேட்டவர்:
அது டாக்டருக்கு எழுதுன லெட்டர்னு தெரியாமலே இத்தனை நாள் படிச்சிருக்கேன், ரொம்ப நன்றிங்க. லெம்னியஸை யார் வீட்டுல தங்க வச்சாங்கன்னு தேடிப் பாக்குறேன்.