எனர்ஜி ஹீலிங்: கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஏதாவது ஓடுகிறதா?

நிலாப்பிறை:
சூனியக்கலை, ஷாமன் (ஆவிகளோடு பேசிக் குணப்படுத்தும் பூசாரி) வைத்தியம், எனர்ஜி ஹீலிங் (கையால் ஆற்றலை அனுப்பிக் குணப்படுத்துவது) மூன்றுமே ஏமாற்று வேலை என்று இங்கே ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் பல வருடமாக விக்கா என்ற நவீன சூனியக்கலை சமய வழியில் பழகுகிறவள். என்ன செய்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டமாக நின்று மூச்சு, பாட்டு, ஆட்டம் என ஏதோ ஒன்றால் வேகம் ஏற்றுவோம். ஏற ஏற எல்லாருடைய கவனமும் ஒரே நோக்கத்தில் குவியும். உச்சத்தில் சட்டென்று நிறுத்தி, யாருக்காகச் செய்கிறோமோ அவர் பக்கம் அனுப்புவோம். விக்காவைப் பரப்பிய ஆங்கிலேயர் ஜெரால்டு கார்ட்னரின் வழிவந்தவர்கள் இதை ஆற்றல் கூம்பு என்பார்கள். அப்புறம் உள்ளங்கையைத் தரையில் ஊன்றி மிச்சத்தை மண்ணுக்குள் இறக்கிவிடுவோம். அதை விட்டுவிட்டால் எனக்குத் தலை கிறுகிறுக்கும், தூக்கம் வராது. கையில் உணர்கிற சூட்டையும் குறுகுறுப்பையும் கற்பனை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்விமேகம்:
கை சூடாவதை நான் மறுக்கவே இல்லை, தோழி. அந்தச் சூடு எதிரில் இருப்பவரின் உடம்பிலிருந்து வருகிற எதையாவது உணர்கிறதா என்பதுதான் கேள்வி. அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். எமிலி ரோசா என்ற அமெரிக்கச் சிறுமி செய்த சோதனை அது. 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. தொடாமலே மனித ஆற்றலைக் கையால் உணர முடியும் என்று சொன்ன 21 பேர் கலந்துகொண்டார்கள். நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. அதன் ஓட்டைகள் வழியாக இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்துக்கொள்ள வேண்டும். எமிலி காசைச் சுண்டிவிட்டு, விழுந்த பக்கத்துக் கைக்குச் சில அங்குலம் மேலே தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று சொன்னால் போதும். 280 முறையில் 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாலே 140 பக்கம் வந்திருக்கும்.

மலைப்பாதை:
இந்தச் சோதனையை வைத்து ஷாமன்களை எடைபோடாதீர்கள். சைபீரியாவின் எவெங்கி மக்களிடம் ஷாமன் செய்வது ஆவிகளோடு நடத்தும் பேச்சுவார்த்தை. பறையடித்து, துணை ஆவிகளை அழைத்து, நோயாளியைவிட்டுப் போன ஆன்மாவைத் தேடிப் போய்க் கூட்டிவருகிறார். சுற்றி உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களும் அதில் பங்காளிகள். உடம்பைச் சுற்றி ஆற்றல் ஓடுகிறது என்ற பேச்சின் ஒரு வேர் 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத காந்த ஓட்டம் உண்டு என்ற மருத்துவர் மெஸ்மரின் 'உயிர்க்காந்தம்' கொள்கையில் இருக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் மைக்கேல் ஹார்னர் போன்றவர்கள் மேற்கத்திய மாணவர்களுக்காகப் பறையொலியையும் ஆவிப் பயணத்தையும் மட்டும் பிரித்தெடுத்துப் பயிற்சி வகுப்பாக்கினார்கள். அந்தப் பறைக்காகச் சோவியத் ஆட்சியில் சிறைக்குப் போன ஷாமன்கள் உண்டு. வார இறுதி வகுப்பில் கற்றுக்கொண்டு "நானும் ஷாமன்" என்று சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கிறது.

கேள்விமேகம்:
வரலாறு சரி. மெஸ்மரின் கொள்கையையும் 1784-லேயே சோதித்தார்கள். அறிவியலாளர்கள் ஃபிராங்ளினும் லவாய்சியரும் இருந்த பிரெஞ்சு அரசுக் குழு அது. தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குக் காந்தம் ஏற்றிவிட்டு, ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி வேறு மரங்களிடம் அழைத்துப் போனார்கள். காந்தம் ஏற்றிய மரத்தை நெருங்கும் முன்பே அவன் மயங்கி விழுந்தான். மயக்கம் உண்மை, காரணம் வேறு. ஆவி என்று பெயர் மாற்றினாலும் என் கேள்வி அதேதான்.

மலைப்பாதை:
அப்படியானால் கெசாலிட் கதைக்கு என்ன சொல்வீர்கள்? கனடாவின் மேற்குக் கரையில் வாழ்ந்த குவாக்கியூட்டில் இனத்தவர். அவரே சொன்ன விவரத்தை மானிடவியலாளர் போவாஸ் பதிவு செய்திருக்கிறார். ஷாமன்களின் தந்திரத்தை வெளிப்படுத்தத்தான் அவர்களிடம் சேர்ந்தார். வாயில் கொஞ்சம் பறவைத் தூவியை ஒளித்துவைத்து, ரத்தத்தில் நனைத்து, நோயையே உறிஞ்சி எடுத்ததுபோல் துப்பும் வித்தையைக் கற்றார். அதைச் செய்தார், நோயாளி எழுந்துவிட்டார். தந்திரம் என்று அவருக்குத் தெரிந்தும் குணம் வந்தது.

நிலாப்பிறை:
குணமானதை "வெறும் மனப்பிரமை" என்று தள்ளுவதும் அறிவியல் ஆகாது. 1978-ல் பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. போலி மருந்தால் குறைந்த வலி, ஓபியாய்டுகளைத் தடுக்கும் நலோக்சோன் என்ற மருந்து கொடுத்ததும் கூடியது. உடம்புக்குள்ளேயே சுரக்கும் ஓபியாய்டு, அதாவது வலி குறைக்கும் பொருள், வேலை செய்திருக்கிறது என்பதற்கு அது பெரிய தடயம். சடங்கு உடம்பைத் தொடுகிறது. அந்தத் தொடுகையை நாங்கள் ஆற்றல் என்கிறோம்.

கேள்விமேகம்:
வலியில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தூக்கத்தைக் கெடுப்பது 2011-ல் வந்த ஆஸ்துமா ஆய்வு. நிஜ மருந்துள்ள இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர் மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். "எவ்வளவு தேவலை?" என்று கேட்டால் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்: பாதியளவு தேவலை. நுரையீரலை ஊதவைத்து அளந்தபோது நிஜ மருந்தில் 20 சதவீத முன்னேற்றம். போலிகளில் சுமார் 7, ஒன்றும் கொடுக்காதபோதும் அதே 7. மூச்சுக்குழாய் சுருங்கியே இருக்கிறது, ஆனால் நோயாளி நிம்மதியாக உணர்கிறார். இதைவிட ஆபத்தான நிலை எனக்குத் தெரியாது. உங்கள் வட்டத்துக்கு ஆஸ்துமாக்காரர் வந்தால் என்ன செய்வீர்கள்?

நிலாப்பிறை:
இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்காரச் சொல்வேன். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் எங்கள் வட்டத்தில் இருக்க முடியாது. ஆனால் வட்டத்தில் நடப்பது என்ன என்பதை அட்டைத் தடுப்பு முடிவு செய்துவிட்டதாக நான் ஏற்கவில்லை.

கேள்விமேகம்:
அப்படியானால் விளம்பரத்தில் "சிகிச்சை" என்று போடாதீர்கள். "சடங்கு" என்று போடுங்கள். அதற்குமேல் எனக்கு உங்களோடு சண்டை இல்லை.

மலைப்பாதை:
எனக்கு இருக்கிறது. சடங்கு என்று போட்டாலும் ஷாமன் என்று போடாதீர்கள்.